‘பரவாயில்லை’யை அளப்பது எப்படி?

ஒரே சேவை, இரண்டு முகம்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காலை ஏழு மணிக்குக் கீரை வாங்குபவர், கியூஆர் அட்டைக்கு நேரே கைப்பேசியைப் பிடித்து ரகசிய எண்ணைத் தட்டினால், கட்டு பைக்குள் போவதற்குள் கடைக்காரரின் ஒலிப்பெட்டி தொகையைச் சொல்லிவிடுகிறது. மாலை ஆறரை மணிக்கு அதே கடை, அதே கைப்பேசி, அதே வங்கிக் கணக்கு. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ‘சர்வர் பிஸி’ என்கிறார் கடைக்காரர். ‘நெட் ஸ்லோ’ என்கிறார் வாங்கியவர். பின்னால் நிற்பவர் சில்லறையை நீட்டிவிட்டுப் போகிறார்.

சேவை நடத்தும் நிறுவனத்தைக் கேட்டால், தங்கள் சேவை நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் இயங்குகிறது என்று கணக்குக் காட்டும். அந்தக் கணக்கு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் அலுப்பும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது எப்படி? இணையச் சேவைகளின் தரத்தை அளக்க முயன்றவர்கள் அனைவரும் முட்டிக்கொண்ட கேள்வி இது. அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, ‘சுமார்’, ‘பரவாயில்லை’, ‘இழுக்கிறது’ போன்ற அன்றாடச் சொற்களையே கணக்குக்குள் கொண்டுவருவது.

ஒரு கட்டுக் கீரையின் பின்னால்

கைப்பேசிவழிப் பணப் பரிமாற்ற ஏற்பாடான யூபிஐ 2016-ல் நடைமுறைக்கு வந்தது. நடத்துவது என்பிசிஐ எனப்படும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். கீரைக்கான இருபது ரூபாய் ஒரே தாவலில் கடைக்குப் போய்விடுவதில்லை. கைப்பேசிச் செயலி முதலில் தன் பின்னால் இருக்கும் வங்கியிடம் சொல்கிறது. அந்த வங்கி என்பிசிஐயிடம் சொல்கிறது. என்பிசிஐ வாங்குபவரின் வங்கியைக் கூப்பிட்டுத் தொகையைக் கழிக்கச் சொல்கிறது. கழித்தாயிற்று என்ற பதில் வந்த பிறகு கடைக்காரரின் வங்கியைக் கூப்பிட்டு வரவு வைக்கச் சொல்கிறது. அதன் பதிலும் வந்த பிறகே இரண்டு பக்கமும் செய்தி போகிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஓர் இணையச் சேவை. மனிதர் இடையில் வராமல், ஒரு கணினி நிரல் இன்னொரு நிரலிடம் வலைவழியே ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்கும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். பதில் வர ஆகும் நேரம், கேட்டபோது சேவை விழித்திருக்கிறதா என்பது, வந்த பதில் சரியா என்பது, கட்டணம் ஆகியவை சேர்ந்து அதன் சேவைத் தரம்.

தாமதத்துக்குத் தூரத்தைக் குற்றம் சொல்வது வழக்கம். ஆனால் கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு நொடியின் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு போதும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002-ல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கடலடிக் கம்பியின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். அந்த வழியாக ஒரு செய்தி சிங்கப்பூர் போய்த் திரும்ப, ஒளிக்குத் தேவைப்படும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்குதான். ஆக, பத்து நொடி காத்திருந்தால் அதில் பெரும்பகுதி பயண நேரமே இல்லை. நெரிசலில் திணறும் அலைபேசிக் கோபுரத்திலோ ஏதோ ஒரு வங்கியின் கணினி வாசலிலோ வரிசையில் நின்ற நேரம் அது.

தோல்விகளை என்பிசிஐ இரண்டாகப் பிரித்து மாதந்தோறும் வெளியிடுகிறது. ரகசிய எண் தவறு, கணக்கில் பணம் போதவில்லை போன்றவை வணிகக் காரணத் தோல்விகள். வங்கியின் கணினி பதில் தராமல் போனால் அது தொழில்நுட்பத் தோல்வி. 2025 ஆகஸ்டில் யூபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. அந்த அளவில் ஆயிரத்துக்கு ஒன்று தவறினாலும் மாதத்துக்கு இரண்டு கோடி முறை யாரோ ஒருவர் கடை வாசலில் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சராசரி மறைப்பது

99.9 என்ற எண்ணை நேரமாக மாற்றிப் பார்க்கலாம். ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம், அதாவது மாதத்துக்கு 43 நிமிடம், சேவை படுத்திருக்க அந்த எண் இடம் தருகிறது. அந்த 43 நிமிடமும் விடியற்காலை மூன்று மணிக்கு வந்தால் யாருக்கும் தெரியாது. மாலை ஆறரைக்கு வந்தால் மாட வீதி முழுக்கத் தெரியும். யூபிஐ நெரிசல் நேரங்களாக என்பிசிஐ குறித்திருப்பவை காலை 10 முதல் பகல் 1 வரை, மாலை 5 முதல் இரவு 9.30 வரை. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும் நாளன்று கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நிற்கும் கூட்டம் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அங்கிருக்கும் அலைபேசிக் கோபுரங்களுக்கு அதுதான் உச்ச நேரம்.

சராசரி பதில் நேரமும் இப்படித்தான் ஏமாற்றும். பத்து முறை பணம் அனுப்பியதில் ஒன்பது முறை ஒரு நொடியும் ஒரு முறை 31 நொடியும் ஆனால், சராசரி நான்கு நொடி. நான்கு நொடி காத்திருந்தவர் அந்தப் பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஐயத்தின் வகைகள்

‘நிச்சயமில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் கணக்குப் போட்டால் எல்லாம் குழம்பும்.

முதலாவது தற்செயல். அடுத்த நொடியில் எத்தனை பேர் பணம் அனுப்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீண்ட நாள் போக்கில் ஓர் ஒழுங்கு இருக்கும். இதற்கு நிகழ்தகவுக் கணிதம் போதும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங், அழைப்புகள் எப்போது குவியும் என்பதை 1909-லேயே இந்த வழியில் கணக்கிட்டார். வரிசைக் கோட்பாடு முழுவதும் அவர் போட்ட அடித்தளத்தில் எழுந்ததுதான்.

இரண்டாவது தகவல் குறைவு. ஒரு சேவையை அடையாறிலிருந்து யாரும் பயன்படுத்திப் பார்த்ததே இல்லை என்றால், அங்கே அது எப்படி ஓடும் என்பதற்கு அளவீடே கிடையாது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் ஸிபின் ஜெங், மைக்கேல் லியூ ஆகியோரின் குழு 30 நாடுகளில் இருந்த 339 கணினிகளைக் கொண்டு 5,825 இணையச் சேவைகளைச் சோதித்தது. ஏறத்தாழ 20 லட்சம் கட்டங்கள் கொண்ட அட்டவணை கிடைத்தது. ஒரே சேவை ஓரிடத்துக்கு மின்னலாகவும் இன்னோரிடத்துக்கு மாட்டுவண்டியாகவும் இருந்ததை அது பட்டவர்த்தனமாகக் காட்டியது. காலிக் கட்டங்களை நிரப்ப, ஒரே மாதிரியான அனுபவம் பெற்ற பயனர்களின் அளவுகளைக் கடன் வாங்கும் முறை இத்தகைய தரவுகளால் வளர்ந்தது.

மூன்றாவதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். எல்லா அளவும் கையில் இருந்தாலும் தீராத ஐயம் அது. பதில் நேரம் சரியாக 4.2 நொடி என்று தெரியும். சரி, அது ‘விரைவு’தானா? இந்தக் கேள்விக்கு இன்னும் ஆயிரம் முறை அளந்தாலும் பதில் வராது. சொல்லின் எல்லையே மங்கலாக இருக்கிறது.

64.4 மில்லிமீட்டர் மழை

நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் மழைமானியில் ஒரு நாளில் 64.4 மில்லிமீட்டர் பதிவானால், இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி அது மிதமான மழை. 64.5 பதிவானால் கனமழை. எச்சரிக்கை கொடுப்பதற்கு இப்படி ஒரு கோடு தேவை; அதில் தவறில்லை. ஆனால் தி.நகரில் முழங்கால் தண்ணீரில் நடப்பவருக்கு இந்த 0.1 மில்லிமீட்டரால் எந்த வித்தியாசமும் இல்லை. 64.4 மில்லிமீட்டரை ‘கனமழை’ என்ற குழுவில் அரைகுறையாகச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தால் அனுபவத்துக்கு அது நெருக்கமாக இருக்கும்.

அந்த வழியை 1965-ல் ஒரு கட்டுரையில் வகுத்துத் தந்தவர் லோட்ஃபி ஸாடே. பாக்கு நகரில் பிறந்து, ஈரானில் வளர்ந்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்பித்தவர். வழக்கமான கணிதத்தில் ஒரு பொருள் ஒரு குழுவுக்குள் இருக்கும் அல்லது வெளியே இருக்கும். ஸாடேயின் குழுவில் 0 முதல் 1 வரை எந்த அளவிலும் இருக்கலாம். ஃபஸி லாஜிக் என்று உலகம் அறியும் இந்த முறையை இங்கே மங்கல் தருக்கம் என்றும், ஒரு பொருள் குழுவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற எண்ணை உறுப்பளவு என்றும் குறிப்போம்.

உறுப்பளவு நிகழ்தகவு ஆகாது. ஒரு சேவைக்கு ‘விரைவு’ 0.75 என்றால், அது நூறில் எழுபத்தைந்து முறை விரைவாக இருக்கும் என்று பொருள் கொள்ளக் கூடாது. அளந்த நேரம் ஒன்றுதான். அந்த நேரம் ‘விரைவு’ என்ற சொல்லுக்கு முக்கால் பங்கு பொருந்துகிறது என்பதே பொருள். பாடநூல்கள் பலவும் வழுக்கும் இடம் இது.

இந்தியாவில் பொறியியல் படித்து லண்டனுக்குப் போன இப்ராஹிம் மம்தானி, 1970-களின் நடுவில் ஒரு சிறு நீராவி எந்திரத்தை இப்படிப்பட்ட சொற்களால் ஆன விதிகளைக் கொண்டே ஓட்டிக் காட்டினார். 1987-ல் ஜப்பானின் செந்தாய் நகரச் சுரங்க ரயில், பயணிகள் முன்னும் பின்னும் சாயாதபடி பிரேக் பிடிக்க இதையே நம்பியது. 1990-களின் தொடக்கத்தில் ஸாடே மங்கல் தருக்கத்தோடு, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் நரம்பு வலைப்பின்னலையும், பரிணாமத்தைப் பார்த்து உருவான மரபுத் தேடலையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து ஸாஃப்ட் கம்ப்யூட்டிங் என்று பெயரிட்டார். தமிழில் மென்கணிமை எனலாம். துல்லியமான விடைக்காகக் காலத்தையும் பணத்தையும் கொட்டாமல், வேலைக்கு உதவும் அளவுக்குச் சரியான விடையை மலிவாகப் பெறுவது இந்தக் குடும்பத்தின் பொதுக் குணம்.

தீபாவளிக்கு ஒரு கட்டண வாயில்

தி.நகர் பாண்டி பஜாரில் ஒரு புடவைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு இணையத்திலும் விற்கிறது. பணம் வாங்கித் தர ஒரு பேமெண்ட் கேட்வே, அதாவது கட்டண வாயில் வேண்டும். மூன்று நிறுவனங்கள் முன்வருகின்றன. கடையும் நிறுவனங்களும் எண்களும் விளக்கத்துக்காகக் கற்பித்தவை.

அ: பதில் நேரம் 3 நொடி, நூறில் 96 பரிவர்த்தனைகள் முதல் முயற்சியில் வெற்றி.
ஆ: 5 நொடி, 98.
இ: 4 நொடி, 97.

கடையின் கணக்காளர் முதலில் பழைய முறையில் இரண்டு கோடுகள் கிழிக்கிறார். 4 நொடிக்கு மேல் போகக் கூடாது. 97-க்குக் கீழே இறங்கக் கூடாது. அ வெற்றி விகிதத்தில் வீழ்கிறது. ஆ நேரத்தில் வீழ்கிறது. இரண்டு கோட்டையும் தொட்டுக்கொண்டு நிற்கும் இ தேறுகிறது. நேரக் கோட்டை அரை நொடி இறக்கினால் இ-யும் வீழும் என்பதைக் கணக்காளரும் அறிவார். அதனால்தான் அவருக்கு நிம்மதி இல்லை.

இப்போது மங்கல் முறை. கடைக்காரரிடம் எண் கேட்காமல் சொல் கேட்க வேண்டும். இரண்டு நொடிக்குள் முடிந்தால் முழுக்க ‘விரைவு’ என்கிறார். ஆறு நொடி ஆனால் விரைவு என்று சொல்லவே மாட்டாராம், அது ‘பரவாயில்லை’. பத்து நொடி என்றால் முழு ‘இழுவை’. இந்த மூன்று புள்ளிகளுக்கு இடையே ஒரு சொல் மெல்லத் தேய, அடுத்த சொல் மெல்ல வளர்வதாக நேர்கோடுகள் வரையலாம். இரண்டு நொடியில் ‘விரைவு’ 1, மூன்றில் 0.75, நான்கில் 0.5, ஐந்தில் 0.25; ஆறில் 0. அது குறையும் அதே அளவு ‘பரவாயில்லை’ கூடுகிறது. வெற்றி விகிதத்துக்கும் அப்படியே. 99-க்கு மேல் முழுக்க ‘நம்பலாம்’, 95-க்குக் கீழே முழுக்க ‘சந்தேகம்’, நடுவில் இரண்டும் கலந்து.

மூன்று நிறுவனங்களும் இப்படி மாறுகின்றன. அ: விரைவு 0.75, பரவாயில்லை 0.25, நம்பலாம் 0.25, சந்தேகம் 0.75. ஆ: விரைவு 0.25, பரவாயில்லை 0.75, நம்பலாம் 0.75, சந்தேகம் 0.25. இ: நான்கிலும் 0.5.

அடுத்து விதிகள். இவையும் கடைக்காரரின் வாய்ச்சொல்லே.

விரைவாகவும் நம்பும்படியும் இருந்தால் நல்லது: மதிப்பெண் 90.
பரவாயில்லை என்ற வேகம், ஆனால் நம்பலாம் என்றால் ஏற்கலாம்: 70.
விரைவு, ஆனால் சந்தேகம் என்றால் தயக்கம்: 40.
வேகமும் சுமார், சந்தேகமும் உண்டு என்றால் வேண்டாம்: 20.

இழுவைக்கும் ஒரு விதி உண்டு. மூவரும் ஆறு நொடிக்குள் இருப்பதால் அது இங்கே வேலை செய்யாது. புடவைக் கடைக்காரருக்குத் தாமதத்தைவிடத் தோல்வி கசக்கிறது என்பது இரண்டாம், மூன்றாம் விதிகளிலேயே தெரிகிறது. எட்டாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவைக்குப் பணம் நடுவழியில் நின்றால் வாடிக்கையாளர் இரண்டாம் முறை முயல மாட்டார்.

ஒரு விதியில் ‘இதுவும் அதுவும்’ என்று வந்தால் இரண்டில் சிறிய உறுப்பளவுதான் அந்த விதியின் பலம். நிறுவனம் அ-வுக்கு முதல் விதியின் பலம் 0.75, 0.25 ஆகிய இரண்டில் சிறியது, அதாவது 0.25. இரண்டாம் விதிக்கு 0.25. மூன்றாவதற்கு 0.75. நான்காவதற்கு 0.25. ஒவ்வொரு விதியின் மதிப்பெண்ணையும் அதன் பலத்தால் பெருக்கிக் கூட்டினால் 22.5, 17.5, 30, 5 சேர்ந்து 75. பலங்களின் கூட்டுத்தொகை 1.5. 75-ஐ 1.5-ஆல் வகுத்தால் 50. இதுதான் அ பெறும் மதிப்பெண்.

ஆ-வுக்கும் இப்படியே: 22.5, 52.5, 10, 5 சேர்ந்து 90, 1.5-ஆல் வகுக்க 60. இ-க்கு நான்கு விதிகளும் 0.5 பலத்தில் வேலை செய்து 55 தருகின்றன.

ஆக, ஆ முதலிடம், இ இரண்டாமிடம், அ கடைசி. கோடு கிழித்த முறையில் வெளியே தள்ளப்பட்ட ஆ, கடைக்காரரின் சொந்தச் சொற்களை வைத்துப் பார்த்தால் மூன்றிலும் மேலானது.

இப்போது அடையாறில் மதிய நேரத்தில் வரிசை நிற்கும் ஒரு டிஃபன் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே அறுபது ரூபாய்ப் பொங்கலுக்குப் பணம் தவறினால் இன்னொரு முறை தட்டிக்கொள்ளலாம். வரிசை நின்றுபோனால் வியாபாரம் போச்சு. அந்தக் கடைக்காரர் இரண்டாம் விதிக்கு 70-க்குப் பதில் 50-ம், மூன்றாவதற்கு 40-க்குப் பதில் 60-ம் தருகிறார். மற்றவை மாறவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டால் அ 57, இ 55, ஆ 53 என்று வரிசை புரள்கிறது. சேவைகள் அவையேதான், பயன்படுத்துபவர் மாறியதால் தரம் மாறிவிட்டது. சேவைத் தரம் சேவைக்குள் மட்டும் இருப்பதில்லை என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது எவ்வளவு, எந்த விதியால் என்று எண்ணிக்கையோடு காட்டுவதுதான் இந்த முறையின் பலன்.

புள்ளிகளை யார் குறிப்பது?

மேலே இரண்டு, ஆறு, பத்து என்ற நொடிகளைக் கடைக்காரர் சொன்னார். அவர் வேறு எண்களைச் சொல்லியிருந்தால் விடையும் வேறாகியிருக்கும். மங்கல் தருக்கத்தின் பலவீனமான இடம் இதுதான்; அதை மறைப்பதில் பயனில்லை.

ஒரு வழி, சம்பந்தப்பட்டவர்களை முறையாகக் கேட்பது. சென்னை ஐஐடியில் கணிதப் பேராசிரியராக இருந்த வசந்தா கந்தசாமி, கணினிக்கு வெளியே இந்தக் கருவியைச் சமூகப் பிரச்சினைகளுக்குக் கொண்டுபோனவர். தமிழகக் கிராமங்களில் எச்ஐவி பாதித்த பெண்களின் நிலையைப் பற்றிய ஆய்வில், எது எதற்குக் காரணம் என்று அவர்கள் சொன்னதையே முடிச்சுகளும் இணைப்புகளுமாக மாற்றி, மங்கல் கணிதத்தால் அலசினார். பேராசிரியரின் ஊகத்தைவிட அனுபவித்தவரின் சொல்லே இடுபொருளாக இருக்க வேண்டும் என்ற அந்த அணுகுமுறை சேவைத் தரத்துக்கும் பொருந்தும். கட்டண வாயிலின் ‘விரைவு’ எது என்று மென்பொருள் நிறுவனத்தைக் கேட்பதைவிடக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பது மேல்.

இன்னொரு வழி, தரவிடமே கேட்பது. எத்தனை நொடியில் எத்தனை வாடிக்கையாளர் பாதியில் விலகினார்கள் என்ற பதிவு கையில் இருந்தால், புள்ளிகளை நரம்பு வலைப்பின்னல் சிறிது சிறிதாக நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தும். 1993-ல் ஜாங் என்பவர் மங்கல் விதிகளையும் இந்தக் கற்றலையும் ஒரே அமைப்பாகப் பிணைத்தார். அதன் நல்ல குணம், கற்று முடித்த பிறகும் விதிகளைச் சொற்களில் படிக்க முடிவது.

கண்ணிகள் கூடும்போது

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ, வாடகைக் கார் எல்லாம் ஒரே திரையில். அடையாறிலிருந்து கிண்டிக்குப் பேருந்திலும் அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவிலும் போகும் ஒருவருக்குப் பேருந்துத் தகவல், மெட்ரோ பயணச்சீட்டு, வரைபடம், பணப்பட்டுவாடா என்று குறைந்தது நான்கு சேவைகள் கைகோக்க வேண்டும்.

நான்கும் தனித்தனியே நூறில் 99 முறை சரியாக இயங்குவதாக வைத்தால், நான்கு விகிதங்களையும் பெருக்கினால், நான்கும் ஒருசேர இயங்குவது 96 முறைதான். தனியாகப் பார்த்தால் எல்லாரும் முதல் வகுப்பு. சேர்த்துப் பார்த்தால் நூறு பயணத்தில் நான்கு பாழ்.

அந்தப் பெருக்கலும்கூட ஒன்றையொன்று பாதிக்காத சேவைகளுக்கே செல்லும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன; மின்சாரம் போனது, அலைபேசிக் கோபுரங்கள் அடங்கின. உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்து ஐந்து வாரமே ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லாத நேரத்தில் அட்டை தேய்க்கும் கருவிகளும் ஏடிஎம்களும் சேர்ந்தே ஊமையாகின. ஒரே மின்கம்பியை நம்பியிருக்கும் நான்கு சேவைகள் ஒன்றாகவே விழும். ‘கனமழை என்றால் எல்லாச் சேவையும் சந்தேகம்’ போன்ற ஒற்றை வாக்கிய விதியைச் சேர்க்க மங்கல் முறை இடம் கொடுப்பது இங்கே கைகொடுக்கிறது.

தேர்ந்தெடுப்பதும் சிக்கலாகிறது. பத்துப் படிகள், ஒவ்வொன்றுக்கும் இருபது நிறுவனங்கள் என்றால் சேர்க்கைகள் 10 லட்சம் கோடியைத் தாண்டும். ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது. இத்தாலியின் சான்னியோ பல்கலைக்கழகத்தின் கன்ஃபோராவும் உடன் பணியாற்றியவர்களும் 2005-ல் இதற்கு மரபுத் தேடலைப் பயன்படுத்தினார்கள். சில நூறு சேர்க்கைகளைக் கண்மூடி எடுத்து, நல்லவற்றை இணைத்து, இடையிடையே ஏதாவது ஒன்றை மாற்றி, மோசமானவற்றைக் கழித்துக்கொண்டே போவது அதன் வழி. கிடைப்பது ஆகச் சிறந்ததுதான் என்ற உத்தரவாதம் கிடையாது. பெரும்பாலும் போதுமான அளவு நல்லது.

எதிர்த்தவர்கள்

மங்கல் தருக்கத்தை எல்லாரும் வரவேற்கவில்லை. விண்கலங்களின் வழியைக் கணிக்க உதவிய வடிப்பானைத் தந்த ருடால்ஃப் கால்மன், 1972-லேயே ஸாடேயின் கருத்தைக் கடுமையாகச் சாடினார். நிகழ்தகவே எல்லா ஐயத்துக்கும் போதும், புதிதாக ஒன்று எதற்கு என்பது புள்ளியியலாளர்கள் பலரின் வாதம். அதில் பாதி நியாயம் உண்டு. மாலை ஆறரைக்கு எத்தனை பேர் பணம் அனுப்புவார்கள் என்பதை மங்கல் விதிகளால் கணிப்பது வீண்வேலை. அது ஏர்லாங்கின் களம். சேவைத் தரத்தைப் பற்றி வந்துகொண்டிருக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் கணிசமானவை, எளிய சராசரியும் சதவீதமும் போதுமான இடத்தில் மங்கல் கணிதத்தைப் போர்த்திவிடுகின்றன. மீதிப் பாதி வாதம் நிற்காது. ‘விரைவு’ என்றால் என்ன என்பதைத் தற்செயலின் கணிதம் ஒருநாளும் சொல்லாது.

கடைசியில் ஒரு கோடு

எவ்வளவு மங்கலாக யோசித்தாலும் இறுதியில் கணினி ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். காத்திருப்பதா, கைவிடுவதா? 2025 ஏப்ரல் 12 அன்று யூபிஐ நாடு முழுவதும் தடுமாறியதற்கு, நிலுவையில் நின்ற பரிவர்த்தனைகளின் நிலை என்ன என்று வங்கிகளின் கணினிகள் திரும்பத் திரும்பக் கேட்டதும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. ஐயத்தைத் தீர்க்கக் கேட்ட கேள்விகளே நெரிசலாகிவிட்டன. பணம் அனுப்பும் கோரிக்கைக்குப் பதில் தர வேண்டிய கால எல்லையை அந்த ஜூன் மாதம் என்பிசிஐ 30 நொடியிலிருந்து 15 நொடியாகக் குறைத்தது. ஆகஸ்ட் முதல், நிலுவைப் பரிவர்த்தனையின் நிலையை 90 நொடி இடைவெளி விட்டு மூன்று முறைதான் கேட்கலாம் என்றும், ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்புத் தொகை பார்க்க முடியாது என்றும் விதி வந்தது.

பணம் யாருடையது என்பதில் அரைகுறை உறுப்பளவுக்கு இடமே கிடையாது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, யூபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்து அவருக்குச் சேராமல் போனால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியதற்கு உறுதி கிடைக்காமல் போனால் ஐந்து நாளுக்குள்ளும் தொகை தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதை வாடிக்கையாளர் புகார் தரும்வரை காத்திருக்காமல் வங்கியே வரவு வைக்க வேண்டும்.